காப்பி செய்யாமல் விட்ட நான்கு ஃபைல்கள்

இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் உள்ள கட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் பெயரும் தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் என்னுடையவைதான். வயது நாற்பத்து நான்கு. பஸ் நிலையத்தின் பின்பக்கத் தெருவில், செருப்புக் கடைக்கும் சாவி செய்யும் கடைக்கும் நடுவே, மாடிப்படிக்கு அடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகை உண்டு, ஆனால் தெருவில் டப்பா டாக்டர் கடை என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். பத்தொன்பது வருடமாக இதுதான் தொழில். இதே வழக்கில் இந்த மாதம் ஐந்தாம் தேதி என் கடைக்கு வந்த காவலரிடம் ஏற்கனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அது பொய். இன்று பன்னிரண்டாம் தேதி காலை பத்தே கால் மணிக்கு, யாரும் கூப்பிடாமல் நானாக நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் அம்மா முன்னிலையில் இதைச் சொல்கிறேன். எழுத்தர் எழுதுகிறார். நான் சொல்லும் சில வார்த்தைகள் தேவையில்லை என்று அவர் நினைக்கிறார். தேவை என்று சொல்லி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

என் பெரியம்மாவுக்கு, அதாவது என் தாயாரின் அக்காவுக்கு, எழுபத்தொரு வயது. என் தாயார் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்டதும் அடி போட்டதும் பெரியம்மாதான். சென்ற வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறிவிட்டது. நானும் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் வீட்டில் ஆள் கிடையாது என்பதால் இந்த வழக்கில் வரும் முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்தேன். அங்கே பத்தொன்பது கட்டில்கள். அத்தனை பேரையும் துடைத்து, கழுவி, புரட்டிப் படுக்க வைக்க இருந்தது ஒரே ஒருவர். அவரை எல்லோரும் ஆயாம்மா என்று கூப்பிடுவார்கள், இப்போது இந்த வழக்கில் கைதாகி இருப்பவர் அவர்தான். பெரியம்மாவின் கட்டில் உள் அறையில், கழிவறைக் கதவை ஒட்டி இருந்தது. அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. வேறு அறை கேட்டு எட்டு மாதமாக நிர்வாகியிடம் நடந்தேன், பார்க்கலாம் பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் இருபத்தொன்பதாம் தேதி காலை நிர்வாகி எனக்குப் போன் செய்து, "டாக்டரே, பழைய டப்பா ரொம்ப இழுக்குது, புதுசு வாங்கியாச்சு, வந்து உள்ள இருக்கறதெல்லாம் மாத்திக் குடுங்க" என்றார். பதினொரு மணிக்குப் போனேன். அவருடைய அறையில் மட்டும் வாசனைத் திரவியம் அடித்திருந்தது. வெளியே நடையில் மூத்திரமும் கிருமிநாசினியும் கலந்த வாடை, அதன் மேல் இந்த வாசனையும் சேர்ந்து மூக்கை அடைத்தது. அதன் பிறகு பழைய கம்ப்யூட்டரின் கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன், வேலை தொடங்குமுன் அப்படிச் செய்வது என் வழக்கம். உள்ளேயிருந்து நகம் கொட்டியது. வெட்டிய நகம், ஒன்றிரண்டு அல்ல, ஒரு கைப்பிடி. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நிர்வாகி அப்போதும் நகம்தான் வெட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு கேபினெட்டைத் திறந்தேன். மின்விசிறியில் முடியும் தூசியும் கயிறாகச் சுற்றியிருந்தன, அதற்குள் கரப்பான் பூச்சி முட்டையிட்டிருந்தது. இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். எழுதுங்கள் என்றேன். அன்றைக்கு எனக்கு அருவருப்பு தொடங்கியது அங்கேதான், நகத்தினால் வந்த குமட்டல் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதன் பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, நான் கொண்டுபோன டிஸ்க் பெட்டியில் மாட்டி, புதிய கம்ப்யூட்டரோடு இணைத்தேன். டிஸ்க் நன்றாக வேலை செய்தது. கிழடுதான், ஆனால் ஒரு ஃபைல்கூடக் கெடவில்லை. உள்ளே 'தினசரிப் பராமரிப்பு' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆளுக்கு ஒன்றாகப் பத்தொன்பது ஃபோல்டர்கள், ஒவ்வொன்றிலும் நாளுக்கு ஒரு தாள். எவ்வளவு காப்பி செய்தாலும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் முதல் ஃபைல், நடு ஃபைல், கடைசி ஃபைல் மூன்றையும் நான் திறந்து பார்ப்பேன். எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது என்பதற்காக உள்ளே இருப்பது சரியாக வந்துவிட்டது என்று நம்பக்கூடாது என்பது ஆரம்பத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு கற்றுக்கொண்டது. எனவே மற்ற ஃபைல்களின் காப்பியை ஓடவிட்டுவிட்டுப் பழைய டிஸ்க்கில் இந்த ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தேன்.

நான்காவது ஃபோல்டர் ஜன்னல் அறையில் இருந்த தபால்காரருடையது. ஓய்வுபெற்ற தபால்காரர், படுத்த படுக்கையாக இருந்தவர். முதுகில் புண் வைத்து, சீழ் பிடித்து, இருபத்தைந்தாம் தேதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றும் இருபத்தேழாம் தேதி இறந்துவிட்டார் என்றும் உள்ளே வரும்போதே வாட்ச்மேன் சொல்லியிருந்தார். அவருடைய கடைசி ஃபைலைத் திறந்தேன். தேதி முப்பத்தொன்று என்று இருந்தது. காலை ஆறு மணிக்கு எழுந்தார், முகம் மலர்ச்சியாக இருந்தது. எட்டு மணிக்குச் சிற்றுண்டி முழுவதும் சாப்பிட்டார். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு மணிகளுக்கு இடமும் வலமும் திருப்பிப் படுக்க வைக்கப்பட்டார். தோல் நல்ல நிலையில் உள்ளது. மாலையில் மற்றவர்களுடன் சிரித்துப் பேசினார். கீழே 'பராமரித்தவர்: ஆயா' என்று இருந்தது. நான் இதைப் படித்தது இருபத்தொன்பதாம் தேதி பகல் பன்னிரண்டரை மணிக்கு.

திரையை நிர்வாகி பக்கம் திருப்பி, "சார், இவரு இறந்துட்டாருன்னு கேள்விப்பட்டேன்" என்றேன். "ஆமா, பாவம், நல்ல மனுஷன்" என்றார். "நாளைக்கு மறுநாள் சிரிச்சுப் பேசினாருன்னு போட்டிருக்கே" என்றேன். அவர் நகவெட்டியை மடித்து வைத்துவிட்டு, "அது ஃபார்மேட் டாக்டரே, மாசம் பொறந்ததும் எல்லாருக்கும் ஒரேயடியா அடிச்சு வெச்சிடுவேன், ஏதாவது வித்தியாசமா நடந்தா அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். "செத்துப்போறது வித்தியாசம் இல்லையா சார்" என்று கேட்டேன். "மறந்துபோச்சுப்பா, இருபத்தெட்டுலேருந்து அந்த நாலு மட்டும் வேணாம், விட்டுடுங்க" என்றார். குரலில் ஒரு கூச்சம் கிடையாது. குழம்பில் உப்புக் குறைந்ததைச் சொல்வது போலச் சொன்னார். இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு ஆகிய மூன்று நாளும் அந்த மனிதர் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார், அந்தத் தாள்களிலும் இல்லத்தில் எட்டு மணிக்குச் சாப்பிட்டதாகத்தான் இருந்தது. அதை நிர்வாகி கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், சொல்லவில்லை. அந்த நான்கு ஃபைல்களையும் புதிய கம்ப்யூட்டரில் சேர்க்காமல் விட்டேன். விட்டது நான்தான்.

அதன் பிறகு பெரியம்மாவின் ஃபோல்டரைத் திறந்தேன். அவருக்கும் மாதக் கடைசி வரை எல்லா நாளும் நல்ல நாளாக இருந்தது. அதில் வியாழக்கிழமைதோறும் 'முகச்சவரம் செய்யப்பட்டது' என்று இருந்தது. ஒருவருடைய தாளை எடுத்து அப்படியே எல்லோருக்கும் ஒட்டியிருக்கிறார், மேலே பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். "சார், எங்க பெரியம்மாவுக்கு ஷேவ் பண்ணியிருக்கீங்க" என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் வாயைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது. இந்த வாக்கியத்தையும் விடாமல் எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு நிர்வாகி, தபால்காரரின் மகள் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள் என்றும், அதனால் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஒழுங்கு என்று அவர் சொன்னது என்னவென்றால், புதிய கம்ப்யூட்டரில் ஆயாம்மா பெயரில் ஒரு லாகின் போட்டு, அந்த லாகினுக்குள் நின்றுகொண்டு 'தினசரிப் பராமரிப்பு' ஃபோல்டரைக் காப்பி செய்ய வேண்டும் என்பது. அப்படிச் செய்தால் ஃபைல்களுக்கு உரிமையாளர் என்று ஆயாம்மாவின் பெயர் காட்டும். இது எனக்குத் தெரியும். அதே சமயம், ஒவ்வொரு ஃபைலின் உள்ளேயும் அதை முதன்முதலில் அடித்தவர் பெயரும் அடித்த நாளும் ஒட்டிக்கொண்டிருக்கும், எத்தனை கம்ப்யூட்டருக்கு மாற்றினாலும் கூடவே வரும். இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் நிர்வாகியின் பெயரும் மாதத்தின் முதல் தேதியும்தான் எல்லா ஃபைலிலும் இருக்கின்றன. ஆய்வாளர் அம்மா முன்னால் ஒன்றைத் திறந்து காட்டியிருக்கிறேன்.

பாஸ்வேர்டு போட ஆயாம்மாவைக் கூப்பிட்டார்கள். யாரையோ கழுவிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து வந்து, ஈரக் கையை இடுப்பில் இருந்த துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். "இது எதுக்கு சார் எனக்கு" என்று கேட்டார். "இனிமே உனக்கும் கம்ப்யூட்டர்ல கையெழுத்து, பெரிய ஆளாயிட்ட" என்றார் நிர்வாகி. அதற்குள் அவருக்குப் போன் வந்து வெளியே போனார். ஆயாம்மா என்னைப் பார்த்து, "எனக்கு இதுல எந்தப் பக்கம் அமுக்கணும்னுகூடத் தெரியாது தம்பி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தபால்காரரு விஷயம் கேட்டீங்களா, பொண்ணுக்குப் பிரசவம்னு நாலே நாள் போயிருந்தேன், எனக்குப் பதிலா யாரையாவது போடுங்கன்னு கெஞ்சிட்டுத்தான் போனேன், வந்து பாத்தா முதுகு போயிருச்சு, டாக்டரக் கூப்பிடுங்கன்னா பவுடர் போடுன்னு சொல்றாரு" என்றார். சொல்லிவிட்டு, "நீங்க பாத்து ஏதோ ஒண்ணு போட்டுக்குங்க, நீங்க போட்டா சரியா இருக்கும்" என்று விரலை நீட்டினார். எந்த எழுத்தைத் தொட வேண்டும் என்று நான் காட்டக் காட்ட ஒற்றை விரலால் தொட்டார். அந்த லாகினுக்குள் நின்றுதான் பத்தொன்பது ஃபோல்டர்களையும் காப்பி செய்தேன். மொத்தம் முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

முடித்துக் கிளம்பும்போது நிர்வாகி கடைசியாக ஒன்று கேட்டார். பழைய ஹார்ட் டிஸ்க் முழுக்கக் கெட்டுவிட்டது, அதை அழித்துவிட்டேன், அதிலிருந்து இனி எதையும் எடுக்க இயலாது என்று என் கடை லெட்டர்பேடில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான் முடியாது என்றேன். நன்றாக வேலை செய்யும் டிஸ்க்கைக் கெட்டுவிட்டது என்று இத்தனை வருடத்தில் எழுதியதில்லை என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மேஜையில் சிதறியிருந்த நகத்தைக் கையால் வழித்துக் கீழே தள்ளிவிட்டு, "உங்க பெரியம்மாவுக்கு ரூம் கேட்டுக்கிட்டே இருந்தீங்கல்ல, ஜன்னல் ரூம் இப்ப காலிதான்" என்றார். அங்கே கிடந்த தபால்காரர் செத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. லெட்டர்பேடை எடுத்து, அவர் சொன்னபடி எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். டிஸ்க்கை அழிப்பதற்கு என்று சொல்லி எடுத்து வந்தேன், அழிக்கவில்லை. வாடிக்கையாளரின் பழைய டிஸ்க்கை ஒரு மாதம் வரை காகித உறையில் தேதி போட்டு வைத்திருப்பது கடை வழக்கம், அதன்படியே இழுப்பறையில் போட்டேன். அதில் என் யோக்கியதை எதுவும் இல்லை, கை பழக்கம்.

இந்த மாதம் இரண்டாம் தேதி பெரியம்மாவை ஜன்னல் அறைக்கு மாற்றினார்கள். நானும் கூட இருந்தேன். மெத்தையைப் புரட்டித்தான் போட்டிருந்தார்கள், ஆனால் ஓரத்தில் பழைய கறை தெரிந்தது. ஆயாம்மா அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, போகாததால் இரண்டு விரிப்பாக மடித்துப் போட்டார். பெரியம்மா குழறலாக, "வெளிச்சமா இருக்குடா" என்றார். ஆயாம்மா அவரை ஒருபக்கமாகப் புரட்டி முதுகுக்குத் தலையணை வைத்தபோது பெரியம்மா அவரை ஏதோ திட்டினார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் என்னைத் திட்டலைன்னா இவங்களுக்குத் தூக்கம் வராது தம்பி, திட்டட்டும், திரும்பிப் படுத்தா சரி" என்று ஆயாம்மா சிரித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

நான்காம் தேதி தபால்காரரின் மகள் கொடுத்த புகாரில் போலீசார் வந்து புதிய கம்ப்யூட்டரைக் கைப்பற்றினார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் அவர் இல்லத்தில் சாப்பிட்டதாக இருந்த தாள்கள் அகப்பட்டன. அவை ஆயாம்மா லாகினில் இருந்ததால், நோயாளியைக் கவனிக்காமல் சாகவிட்டு, கவனித்ததாகப் பொய்யாக எழுதி வைத்தார் என்று அவரைக் கைது செய்தார்கள். ஐந்தாம் தேதி காவலர் என் கடைக்கு வந்து என் லெட்டர்பேடைக் காட்டி இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார், ஆம் என்றேன். பழைய டிஸ்க்கில் எதுவும் இல்லையா என்று கேட்டார், செத்துப்போன டிஸ்க் என்றேன். அந்த அம்மாள்தான் தாள்களை அடித்தாரா என்று கேட்டார், லாகின் அவருடையதுதான் என்றேன். காவலர் நின்ற இடத்திலிருந்து இரண்டடி தள்ளி அந்த டிஸ்க் இழுப்பறையில் இருந்தது. அவர் போன பிறகு கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், சாப்பாடு இறங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு ஆறு நாள் நான் இல்லத்துக்குப் போகவில்லை. ஆயாம்மா இல்லாத அந்த நடையில் நடக்கக் கூசியது. பெரியம்மாவுக்குத்தான் நல்ல அறை கிடைத்துவிட்டதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்றுப் பதினொன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்குப் போனேன். அறைக்குள் நுழைந்ததும் ஒரு வாடை வந்தது, மூத்திர வாடை இல்லை, அழுகிய வாடை. ஜன்னல் திறந்துதான் இருந்தது, ஈ வந்துகொண்டிருந்தது. பெரியம்மா மல்லாந்து கிடந்தார். இரண்டாம் தேதி நான் பார்த்த அதே விரிப்பு. தோளையும் இடுப்பையும் பிடித்து நானே ஒருபக்கமாகப் புரட்டினேன். விரிப்பு முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் தெளித்து ஊற வைத்து மெல்லப் பிரித்தேன், அதனுடன் தோலும் வந்தது. இடுப்புக்குக் கீழே என் உள்ளங்கை அகலத்துக்குப் புண், நடுவில் கறுத்துப்போய் இருந்தது. ஒருமுறை வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் துடைத்தேன்.

நிர்வாகி வாசலில் வந்து நின்று, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "புது ஆயா அடுத்த வாரம் வர்றாங்க டாக்டரே, அதுவரைக்கும் சமையல்காரம்மா பாத்துக்கிறாங்க" என்றார். சமையல்காரம்மா மூன்று வேளை சாப்பாடு ஊட்டியிருக்கிறார், அதற்குமேல் அவரால் முடியாது, அவருக்குப் பதினெட்டு வாய். ஆட்டோ பிடித்துப் பெரியம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். புண்ணைப் பார்த்த டாக்டரம்மா, "எத்தனை நாளா இவங்களத் திருப்பிப் போடல" என்று கேட்டார். நான் விரல் விட்டு எண்ணினேன். ஏழு நாள் என்றேன்.

எந்த நாளிலிருந்து என்று ஆய்வாளர் அம்மா இப்போது கேட்டார். நான்காம் தேதியிலிருந்து என்று சொன்னேன். அதுவரை பெரியம்மா முதுகில் ஒரு கீறல் கிடையாது. மற்ற பதினேழு பேரையும் உடனே யாராவது போய்ப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், ஆய்வாளர் அம்மா அதற்கு இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார்.

காகித உறையில் இருந்த ஹார்ட் டிஸ்க்கை இன்று இந்த நிலையத்தில் ஒப்படைத்திருக்கிறேன். விடுபட்ட நான்கு ஃபைல்களும் அதில் அப்படியே இருக்கின்றன. லெட்டர்பேடில் நான் எழுதிக் கொடுத்தது பொய், ஐந்தாம் தேதி சொன்னது பொய், இரண்டுக்கும் என் மீது எந்த வழக்குப் போட்டாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆயாம்மாவின் ஜாமீன் மனு நாளை வருவதாகச் சொன்னார்கள், அதற்குள் இந்தத் தாள்கள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இன்று காலையிலேயே வந்தேன்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். ஒன்று இருக்கிறது. நேற்று ஆஸ்பத்திரியில் பெரியம்மாவைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். மருந்து வைத்துக் கட்டும்போது அவர் கத்தவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. கட்டு முடிந்ததும் தலையைக் கொஞ்சம் திருப்பி, "அவ எங்கடா, ஏன் வரல" என்று கேட்டார். "லீவுல போயிருக்காங்க பெரியம்மா" என்றேன். அந்தப் பொய்யும், ஐந்தாம் தேதி காவலரிடம் சொன்ன பொய்யும், லெட்டர்பேடில் எழுதிய பொய்யும் போக, மற்றபடி இந்தத் தாள்களில் உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடிதான். எழுத்தர் முழுவதையும் வாசித்துக் காட்டினார், கேட்டேன், ஒரு வார்த்தையும் மாற்றச் சொல்லவில்லை. என்னை யாரும் மிரட்டவில்லை, எனக்கு யாரும் எந்த அறையும் தருவதாகச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. ஆய்வாளர்.